அரியரோடு அடுத்த செமஸ்டர்: கடலூர், புதுச்சேரி கணினி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை நேரத்தில் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் பாதிக் கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள்தான். ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளியில் பிளஸ் டூ முடித்த இரண்டு தோழிகள் அதில் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தி கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்தில் இறங்கிவிடுகிறாள். இன்னொருத்தி பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடை எல்லை தாண்டி, புதுச்சேரியின் தவளக்குப்பம் வரை போகிறாள். இருவருக்கும் கணினிப் படிப்பு, முதலாண்டிலேயே சி புரோகிராமிங். ஆனால் வருகை குறைந்தால் என்ன ஆகும், எத்தனை கிரெடிட் சேர்த்தால் பட்டம், நடுவில் நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டால் இருவருக்கும் பதில் வேறு வேறு. இது தெரியாமல் ஒருத்தி சொன்னதைக் கேட்டு மற்றவள் நடந்து மாட்டிக்கொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கணினித் துறையில் பாடம் நடத்துகிறேன். அதில் பெரும்பகுதி வகுப்பு டியூட்டராகவும் இருந்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் அப்பா அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்வி: "புள்ளைக்கு மூணு அரியர் இருக்குங்க, அடுத்த வருஷம் ஏத்திவிடுவாங்களா சார்?" அரியர் என்றால் தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் தாள். இருந்தாலும் பெரும்பாலும் ஏற்றிவிடுவார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். விதி உங்களை அடுத்த செமஸ்டருக்குள் விட்டுவிடும், கணினிப் பாடம் விடாது. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

முதல் படி: உங்கள் விதிப்புத்தகம் எது?

கல்லூரியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம், விதியும் அதனுடையதே. கடலூர் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. புதுச்சேரி கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 1985-இல் தொடங்கிய, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம். கடலூர் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டம் பல்கலைக்கழகத்துடையது, தேர்வும் பாடத்திட்டமும் கல்லூரியுடையவை; அதன் கையேடே உங்கள் விதிப்புத்தகம்.

இன்னொன்றையும் பாருங்கள். விதிப்புத்தகத்தின் அட்டையில் ஓர் ஆண்டு இருக்கும். நீங்கள் எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ அந்த ஆண்டு விதிதான் பொதுவாகக் கடைசி வரை உங்களுக்குப் பொருந்தும். சீனியர் அண்ணன் சொல்வது அவர் சேர்ந்த ஆண்டின் விதி. சேர்ந்த முதல் வாரமே பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து அந்தக் கோப்பை இறக்கி, வருகை, தேர்ச்சி, அதிகபட்சக் காலம் ஆகிய மூன்று பகுதிகளையும் அச்செடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கிரெடிட் கணக்கு

வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். ஆய்வகத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் பொது அளவு இது.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு வழக்கமாக 140 கிரெடிட். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 கோர் (முதன்மை), அலைடு (துணை), எலக்டிவ் (விருப்பப்) பாடங்கள், பகுதி 4 திறன் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை. கோர் தாள்கள் எல்லாம் முடித்த மாணவர் ஒருவர் பகுதி 4-இல் இரண்டு கிரெடிட் தாளை விட்டுவிட்டு, பட்டச் சான்று வராமல் ஓராண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். சின்னத் தாள் என்று எதுவும் இல்லை. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்களும் பல கல்லூரிகளில் கிரெடிட்டோடு வருகின்றன. அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

புதுச்சேரியில் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய அமைப்பு. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 160. முதலாண்டு முடிவில் 40 கிரெடிட்டோடு நிற்பவருக்குச் சான்றிதழ், இரண்டாமாண்டு முடிவில் 80 கிரெடிட்டோடு நிற்பவருக்கு டிப்ளமோ. இரண்டுக்குமே கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழில்பாடம் கூடுதலாக முடித்திருக்க வேண்டும். நின்றவர் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வரலாம். மொத்தம் ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். நான்காமாண்டில் ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் தேவை. வீட்டுக் கஷ்டத்தால் நிற்க நேரும் பிள்ளைக்கு, நின்று திரும்பும் இந்த வசதி பெரிய வாசல். ஆனால் 38 கிரெடிட்டோடு நின்றால் சான்றிதழ் இல்லை. நிற்கும் முடிவை எடுக்கும் முன் அந்த ஆண்டின் அரியரை முடித்துவிடுங்கள்.

புதுச்சேரிப் பிள்ளைகளின் கிரெடிட், அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற இணையவழிக் கிரெடிட் சேமிப்புக் கணக்கில் ஏறும். டிஜிலாக்கர் வழியே அபார் எண் (மாணவர் அடையாள எண்) எடுக்கும்போது ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். முதலாண்டிலேயே சரிசெய்துவிடுங்கள். மூன்றாமாண்டில் அலைய நேரம் இருக்காது.

மூன்றாம் படி: வருகையைத் தினமும் எண்ணுங்கள்

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று எடுத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். அதாவது கையில் இருப்பது 22 நாள். காய்ச்சல், அக்கா கல்யாணம், மாசிமகம், மழை எல்லாம் அந்த 22-க்குள் அடங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் வழக்கமான நடைமுறை இப்படி: 65 முதல் 75 சதவீதத்துக்குள் என்றால் மருத்துவச் சான்று கொடுத்து, கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம்) கட்டி தேர்வு எழுதலாம். 50 முதல் 65-க்குள் என்றால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது, ஆனால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். விட்ட தாள்களை அடுத்த தேர்வோடு எழுத வேண்டும். 50-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பொறியியலில் கோடு இன்னும் கடுமை. அங்கே 65-க்குக் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த செமஸ்டரும் இல்லை. அடுத்த ஆண்டு அதே செமஸ்டரில் உட்கார வேண்டும். "என் ஃப்ரெண்டு 60 பர்சன்ட்ல தப்பிச்சான்" என்ற கதையை நம்பி ஒரு பொறியியல் மாணவன் ஓராண்டை இழந்தான். அந்த நண்பன் படித்தது பி.எஸ்சி.

மருத்துவச் சான்றைக் காய்ச்சல் விட்ட வாரமே கொடுங்கள். செமஸ்டர் முடிவில் பழைய தேதி போட்டு வாங்கி வரும் சான்றைத் துறைத் தலைவர்கள் பலர் ஏற்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

நான்காம் படி: தேர்ச்சி என்பது இரண்டு கோடு

முதலாண்டுப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கலை அறிவியல் கல்லூரித் தாளில் வழக்கமாக இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75. மொத்தத்தில் 40 வேண்டும், வெளித்தேர்வில் மட்டும் தனியாக 40 சதவீதம், அதாவது 30 வேண்டும். ஒரு மாணவி இன்டர்னலில் 22 வாங்கி, வெளித்தேர்வில் 28 எடுத்தாள். மொத்தம் 50. ஆனாலும் ஃபெயில். "அம்பது எடுத்தும் எப்படி சார் ஃபெயில்?" என்று மார்க் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது கோட்டைப் பற்றி யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதியில் மொத்தத்தில் 50 சதவீதம், அதில் செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம்.

இன்டர்னல் மதிப்பெண் கல்வெட்டு மாதிரி. தாள் அரியரானாலும் பழைய இன்டர்னலே பெரும்பாலும் கூட வரும். இன்டர்னலில் 5 மட்டும் வாங்கியிருந்தால், எத்தனை முறை எழுதினாலும் 75-க்கு 35 எடுத்தாக வேண்டும். 15 வாங்கியவருக்கு 30 போதும். அந்த ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். அதனால் மாதத் தேர்வையும் அசைன்மென்ட்டையும் விடாதீர்கள். ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கி முடியுங்கள். கையெழுத்தான ரெக்கார்டு இல்லாமல் ஆய்வகத் தேர்வுக்குள் விடமாட்டார்கள்.

சராசரியும் கிரெடிட்டை வைத்துத்தான். ஒரு செமஸ்டரை எடுத்துக்கொள்வோம்: தமிழ் 3 கிரெடிட் 72, ஆங்கிலம் 3 கிரெடிட் 58, கோர் தியரி 5 கிரெடிட் 64, ஆய்வகம் 5 கிரெடிட் 85, அலைடு கணிதம் 4 கிரெடிட் 46. மதிப்பெண்ணைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 1319. மொத்தக் கிரெடிட் 20-ஆல் வகுத்தால் 65.95. கோர் தியரியில் இன்னும் 10 எடுத்திருந்தால் 68.45 ஆகியிருக்கும், அதே 10 தமிழில் கூடியிருந்தால் 67.45. எந்தத் தாளுக்குக் கூடுதல் இரவு விழிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

ஐந்தாம் படி: எந்த அரியரை முதலில் எழுதுவது

மேலே சொன்னதெல்லாம் எல்லாத் துறைக்கும் பொருந்தும். இது கணினிக்காரர்களுக்கு மட்டும்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் விதிகளில், எத்தனை அரியர் இருந்தாலும் முதல் செமஸ்டரிலிருந்து கடைசி வரை போகலாம்; பழைய தாள்களுக்கும் கட்டணம் கட்டிப் பதிவு செய்திருந்தால் போதும். இது கருணையுள்ள விதி. கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் மூச்சு முட்டும். அப்போதே வாசலை அடைத்திருந்தால் எத்தனையோ பேர் பட்டம் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வரலாற்றிலோ வணிகவியலிலோ ஒரு தாளை விட்டு அடுத்ததைப் படிப்பது போலக் கணினியில் முடியாது. இங்கே ஒரு தாளின் தோளில்தான் அடுத்த தாள் ஏறி நிற்கிறது.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன். மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர் சுத்தமாக வரவில்லை என்று வந்து நின்றான். கரும்பலகையில் மூன்று பெட்டி வரைந்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் எண், பக்கத்தில் அடுத்த பெட்டியின் முகவரி. நடுவில் புதிதாக ஒரு பெட்டியைச் சேர்க்கச் சொன்னேன். அவன் முதல் பெட்டியின் முகவரியை அழித்துப் புதுப் பெட்டியின் முகவரியை எழுதினான். "சரி, பழைய இரண்டாவது பெட்டி இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டேன். சுண்ணாம்புக் கட்டியோடு நின்றான். அதன் முகவரி அழிந்துபோயிருந்தது. மீதிப் பட்டியல் முழுக்கக் கை நழுவிப் போய்விட்டது. புதுப் பெட்டியில் பழைய முகவரியை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே முதல் பெட்டியை மாற்ற வேண்டும். அவனுக்குக் குறை டேட்டா ஸ்ட்ரக்சரில் இல்லை. முதல் செமஸ்டர் சி தாளில், முகவரிகளைக் கையாளச் சொல்லித்தரும் பாயின்டர் அலகை விட்டிருந்தான், அந்தத் தாள் அரியரில் கிடந்தது. அவன் அப்போது படித்துக்கொண்டிருந்தது எளிது என்று தேர்ந்தெடுத்த வேறோர் அரியர்.

ஆகவே எளிதானதை முதலில் எழுதாதீர்கள். அடித்தளத் தாளை முதலில் எழுதுங்கள். சி விட்டிருந்தால் டேட்டா ஸ்ட்ரக்சர் தடுமாறும், அதன் பின்னால் அல்காரிதம் தடுமாறும். கணம், உறவு, சார்பு பேசும் கணிதத் தாளை விட்டிருந்தால் டேட்டாபேஸில் ரிலேஷன் என்ற சொல்லே கதவைச் சாத்தும். டிஜிட்டல் லாஜிக் விட்டிருந்தால் கணினிக் கட்டமைப்பும், பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருட்டாகத் தெரியும். ஒரு வெள்ளைக் காகிதத்தில் உங்கள் அரியர்களை எழுதி, எது எதைத் தாங்குகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அதிக அம்பு கிளம்பும் தாளே முதல் தாள்.

ஒரு தேர்வுப் பருவத்தில் நடப்புத் தாள்களோடு இரண்டு அரியர் தியரிக்கு மேல் உண்மையாகப் படிக்க முடிந்த மாணவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பதிவு எல்லாவற்றுக்கும் செய்யுங்கள், விதி அதைக் கேட்கிறது. உழைப்பை இரண்டில் குவியுங்கள்.

ஆறாம் படி: தேர்வு நாட்களும் அதற்குப் பிறகும்

நவம்பர், டிசம்பர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் நம் கரையில் ஒன்றாகவே வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலும் இந்தப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தன. ஃபெஞ்சலுக்குப் பின் பெண்ணையாற்றில் வந்த வெள்ளத்தில் கடலூரின் கரையோரப் பகுதிகள் மூழ்கின. தேர்வு தள்ளிப்போனதா என்பதை வாட்ஸ்ஆப்பில் வரும் படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு மாவட்டத்துக்கு, பல்கலைக்கழகத்தின் ஒத்திவைப்பு அறிவிப்பு தேர்வுக்கு, இரண்டும் ஒன்றல்ல. பல்கலைக்கழக இணையதளத்தைப் பாருங்கள், டியூட்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஹால் டிக்கெட்டையும் மார்க் பட்டியல்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள்.

முடிவு வந்ததும் இரண்டு நாளில் உட்கார்ந்து முடிவெடுங்கள், மறுமதிப்பீட்டுக்கான நாட்கள் குறைவு. முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள், அதைப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் பணம் கட்டுங்கள். விடைத்தாளும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் தகவலே என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

ஏழாம் படி: நடுவில் நிற்க நேர்ந்தால்

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, படகு ஓடவில்லை, முந்திரி விளையவில்லை. காரணம் எதுவானாலும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முதல்வருக்கு ஒரு கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, அலுவலக முத்திரையோடு ஒரு நகல். அது இருந்தால் நீங்கள் அனுமதி பெற்று நின்றவர், திரும்பி வர வழி நேராக இருக்கும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் பெறுபவர்கள் கல்லூரி நோடல் அலுவலரிடமும் (திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர்) சொல்லிவிடுங்கள். திரும்பும்போது பாடத்திட்டம் மாறியிருக்கலாம். பழைய தாளுக்கு ஈடான புதுத் தாள் எது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள்.

காலத்துக்கும் எல்லை உண்டு. படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஓராண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் தந்த பொது வழிகாட்டுதல். அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்புக்கு ஏழு ஆண்டு. ஆனால் முதல் வகுப்பு வேண்டுமென்றால் அங்கே ஐந்து ஆண்டுக்குள் பத்துக்கு 6.5 சராசரியோடு முடித்திருக்க வேண்டும்.

கடைசி செமஸ்டர்

எம்.சி.ஏ. எண்ணம் இருந்தால் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் வழிக்குப் பட்டத்தில் 50 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. என்.ஐ.டி.களுக்கான நுழைவுத் தேர்வான நிம்செட்டுக்கு 60 சதவீதம் அல்லது 6.5 சராசரி, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 55 அல்லது 6.0. கேம்பஸ் நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் கேட்பது நிலுவை அரியர் இல்லாமை. முடித்த அரியரைப் பல இடங்களில் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, முடிக்காததே தடை.

ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுவிட்டதா? சில பல்கலைக்கழகங்களும் பல தன்னாட்சிக் கல்லூரிகளும் இறுதியாண்டு மாணவருக்கு ஒரு மாதத்துக்குள் உடனடித் தேர்வு வைக்கின்றன. விண்ணப்பிக்க ஒரு வாரம் கூடக் கிடைக்காது, அறிவிப்பு பெரும்பாலும் துறைப் பலகையில்தான் ஒட்டியிருக்கும். ஊருக்குப் போய்விட்டால், கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நண்பரிடம் தினமும் அந்தப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும்போதே போய், மூல மார்க் பட்டியலோடு அதன் இரண்டு நகலும் கொடுத்து, சலான் எண்ணைத் தனியே குறித்துக்கொண்டு, ரசீதை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.